கைத்தொலைபேசியில் தெரியாத கனடா

சென்ற தைப்பொங்கல் விழாவுக்கு எமது மண்டபத்துக்கு வந்திருந்த அன்பர்கள், வாசற்கோலத்தின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த மாணவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆறேழு பேர். வேட்டியும் சேலையும் உடுத்து, கையில் கரும்போடு, ஒருவர் மாறி ஒருவராக அரைமணி நேரத்துக்கு மேல் படம் எடுத்தார்கள். வாகனத் தரிப்பிடத்தின் ஓரமெல்லாம் பனி குவிந்திருந்த சனிக்கிழமை அது. படத்துக்காகக் குளிரங்கியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடுவதும் நடுங்கிக்கொண்டு உள்ளே வருவதுமாக இருந்தார்கள். அவர்களிடம் இருந்த தடித்த அங்கி மொத்தம் நான்குதான் என்பது பிறகுதான் எமக்குத் தெரியவந்தது.

பின்னர் பந்தி வைத்தோம். சமையற்கட்டுக்குப் பொறுப்பாக இருந்த அன்ரி ஒருவர், ஒரு தம்பிக்கு மூன்றாம் முறை சோறு போடும்போது, "தம்பி, கடைசியா எப்ப சோறு சாப்பிட்டனீர்?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஆண்ட்டி. நடுவுல பிரெட், நூடுல்ஸ்னு ஓடிரும்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

அன்றிரவே அந்தக் கரும்புப் படம் இன்ஸ்டகிராமில் வந்துவிட்டது. எமது இளைஞர் பிரிவினர்தான் காட்டினார்கள். கீழே ஊரிலிருந்து பலர் இதயக்குறி போட்டிருந்தார்கள். "செட்டில் ஆயிட்டடா மச்சி" என்று ஒருவர் எழுதியிருந்தார். "அடுத்த வருஷம் நானும் வர்றேன்" என்று இன்னொருவர்.

இந்த நலவாழ்வுப் பக்கத்தில் இதுவரை நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று எம் வயதினரின் நோய்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறோம். இம்முறை பிள்ளைகளின் பக்கம் திரும்புகிறோம். பொங்கலுக்குப் பிறகு வந்த வாரங்களில், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ரொறன்ரோ, ஸ்காபரோ, பிரம்ரன் பகுதிகளில் படிக்க வந்திருக்கும் மாணவர்கள் சிலருடன் ஆறுதலாக உட்கார்ந்து பேசினோம். இது ஆய்வு அல்ல, தேநீரோடு கேட்ட கதைகள். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், படிப்பு முதலிய விபரங்களைச் சற்று மாற்றியிருக்கிறோம்.

"அண்ணா சொன்னா சரியா இருக்கும்"

கனடாவை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டபோது, மாமா இருக்கிறார், ஆசிரியர் சொன்னார் என்பது போன்ற பதில்களை எதிர்பார்த்தோம். எங்கள் காலத்தில் அப்படித்தான் இருந்தது. இவர்களில் பலருக்கு முதல் விதை காணொளிதான். இந்தியாவில் ரிக்ரொக் 2020 யூன் மாதத்தில் தடை செய்யப்பட்டதால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இன்ஸ்டகிராமையும் யூடியூப்பையும் சொன்னார்கள். யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து வந்தவர்கள் ரிக்ரொக்கை முதலில் சொன்னார்கள். செயலி வேறு, காட்சிகள் ஒன்றுதான். விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்து அழுவது, முதல் பனியில் துள்ளிக் குதிப்பது, முதல் சம்பளம், முதல் கார், நயாகரா. அதிகாலை ஐந்து மணிக்கு வாசற்பனியை வழித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் கைவிறைக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, வணிகவியல் பட்டதாரி. கனடாவிலிருந்து தமிழில் காணொளி போடும் ஒருவரை இரண்டு ஆண்டுகள் விடாமல் பார்த்திருக்கிறார். பேச்சில் அவரை 'அண்ணா' என்றே குறிப்பிட்டார். நேரில் சந்தித்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதுமில்லை. "தினமும் பார்க்குறோம்ல, நம்ம வீட்டு ஆள் மாதிரி ஆயிடுறாரு. அண்ணா சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். எமது மொழியில் ஒருவரை அண்ணா, அக்கா என்று அழைத்துவிட்டால் பாதிக் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்த அண்ணா சொன்னது இதுதான். ஏதாவது ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமாவுக்குச் சேர், முடித்ததும் வேலை அனுமதி கிடைக்கும், பிறகு நிரந்தர வதிவுரிமை. 2022 இல் எடுத்த காணொளி. அன்றைய நிலையில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் 2024 நவம்பர் 1 ஆம் திகதி முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள், பட்டமல்லாத டிப்ளோமாப் படிப்பில் சேர்ந்தால், குறித்த சில துறைகளில் படித்தால் மட்டுமே அந்த வேலை அனுமதியைப் பெறலாம் என்று விதி மாறிவிட்டது. சுகாதாரம், தொழில்நுட்பம், கட்டடத் தொழில்கள், விவசாயம் போன்றவை பட்டியலில் உண்டு. பொதுவான வணிக முகாமைத்துவம் இல்லை. பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. எமது தம்பி சேர்ந்தது இரண்டு வருட வணிக முகாமைத்துவ டிப்ளோமாவில், 2025 இல். ஊரில் வீட்டை அடகு வைத்து வங்கிக்கடன். விதி மாறிய செய்தியைக் கல்லூரி பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பையன் சொல்லித்தான் அறிந்தார். "வீடியோ பொய் சொல்லல ஆண்ட்டி. அது பழசு. நான் தேதியைப் பார்க்கல" என்று அவர் சொன்னபோது எம்மால் எதுவும் சொல்ல முடியவில்லை.

காணொளிகள் பழுதாவதில்லை என்பதுதான் இங்குள்ள சிக்கல். பால் பைக்கற்றில் காலாவதித் திகதி இருக்கிறது, இதில் இல்லை. கனடாவின் மாணவர் விதிகளோ கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டன. 2024 சனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்டவேண்டிய தொகை நீண்டகாலம் 10,000 டொலராக இருந்து, 2024 சனவரியில் 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. பயணச்செலவும் படிப்புக் கட்டணமும் இதற்கு வெளியே. கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டிருந்தது. 2024 நவம்பர் முதல் வாரத்துக்கு 24 மணிநேரம்தான். அந்தத் தளர்வுக் காலத்தில் எடுத்த "மாதம் இவ்வளவு உழைக்கிறேன்" காணொளிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கணக்கை ஒருதரம் போட்டுப் பார்ப்போம். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். வாரம் 24 மணிநேரம் கிடைத்தால் 422.40. நான்கு வாரத்துக்கு 1,689.60, அதுவும் பிடித்தங்களுக்கு முன்னர். இருவர் பகிரும் பேஸ்மன்ற் அறைக்கு 600, 700 டொலர் கொடுப்பதாக மாணவர்கள் சொல்கிறார்கள். பஸ், தொலைபேசி, சாப்பாடு, கடனுக்கு வட்டி. அடுத்த தவணைக் கட்டணம் இதற்குள் எங்கே இருக்கிறது? அந்த 24 மணிநேர வேலையும் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

பரிந்துரைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாகாணத்தின் 24 பொதுக் கல்லூரிகள் 2020-21 இல் மாணவர்களைச் சேர்த்துக்கொடுத்த முகவர்களுக்கு 11 கோடியே 40 இலட்சம் டொலருக்கு மேல் தரகுப்பணம் கொடுத்திருக்கின்றன. அக்கல்லூரிகளின் படிப்புக் கட்டண வருமானத்தில் 68 வீதம் வெளிநாட்டு மாணவர்களிடமிருந்தே வந்தது. காணொளி போடும் எல்லோரும் காசு வாங்குகிறார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. நல்ல மனதோடு தகவல் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காணொளியின் அடியில் ஒரு முகவர் நிறுவனத்தின் இலக்கம் இருந்தால், அது விளம்பரம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. குடிவரவு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க, சட்டத்தரணிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்றோருக்கே கனடாவின் சட்டம் இடமளிக்கிறது. உரிமம் உள்ளவரா என்பதை அந்த ஆலோசகர்களின் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு அனுப்பும் படம்

ஏமாற்றம் வருத்தமானதுதான். ஆனால் நாம் பேசியவரையில் பிள்ளைகளின் உடலையும் மனதையும் அதிகம் அரித்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். வந்தவர்கள் தாமும் படம் போடத் தொடங்குகிறார்கள்.

காரணம் இலகுவில் விளங்கும். வீட்டை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்பா பெருமையாக எழுதியிருக்கிறார். அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள், "தம்பி கனடாவில்" என்பது அங்கே ஒரு தகுதி. இந்த நிலையில் களஞ்சியசாலையில் இரவுவேலை செய்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுத் தூங்குகிறேன் என்று யார் எழுதுவார்கள்? யன்னல் இருக்கும் பக்கமாக நின்று படம் எடுக்கிறார்கள். பிறருடைய காரில் சாய்ந்து நிற்கிறார்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு தங்கை, அம்மா வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுவாராம். "அறையில நாங்கள் நாலு பேர் அக்கா. அம்மா பார்த்தா நித்திரை கொள்ளமாட்டா" என்றார். அம்மாவின் நித்திரையைக் காப்பாற்றியதில் இவருடைய நித்திரை போய்விட்டது.

இப்படி ஒருவர் போடும் படத்தை ஊரில் இன்னொருவர் பார்க்கிறார். அவரும் வருகிறார், அவரும் படம் போடுகிறார். பொங்கல் படத்தின் கீழே "நானும் வர்றேன்" என்று எழுதியிருந்த அந்தப் பையன் எமது தம்பியின் சித்தப்பா மகன். இதைக் கேட்டபிறகு எமக்கு அந்த வாழ்த்துகளை முன்புபோலப் படிக்க முடியவில்லை.

உடம்பு என்ன சொல்கிறது

முதலில் தூக்கம். குளிர்காலத்தில் ரொறன்ரோ, சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பத்தரை மணிநேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே மறுநாள் காலை எட்டரை. பிள்ளை படுக்கப்போகும் நேரத்தில்தான் ஊர் விழிக்கிறது. குழுக்களில் காலை வணக்கமும், நண்பர்களின் படங்களும், அம்மாவின் அழைப்பும் ஒன்றாக வந்து விழுகின்றன. கையில் ஒளிரும் திரையோடு ஒரு மணி, இரண்டு மணி. காலையில் வகுப்பு. வளர்ந்தவருக்கு ஏழு முதல் ஒன்பது மணிநேரத் தூக்கம் தேவை. நாலு, ஐந்து மணிநேரத்தோடு வாரக்கணக்கில் ஓடினால் நினைவாற்றல் குறையும், எரிச்சல் கூடும், பசி தாறுமாறாகும், மனச்சோர்வுக்கு வாசல் திறக்கும். தூக்கத்தை விரட்ட எனர்ஜி பானம் குடிப்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் வேண்டாம் என்பது வளர்ந்தவர்களுக்குக் கனடா சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. ஒரு பெரிய எனர்ஜி பானமும் இரண்டு பெரிய கோப்பியும் சேர்ந்தால் அந்த எல்லை தாண்டிவிடும்.

அடுத்தது ஒப்பீடு. பேஸ்புக் 2004 இல் ஹார்வர்டில் தொடங்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பரவியது. எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்பதை வைத்து, அது வருவதற்கு முன்னும் பின்னும் மாணவர்களின் மனநிலை எப்படி இருந்தது என்று மூன்று பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2022 இல் வெளியிட்டார்கள். வந்தபிறகு மனச்சோர்வு கூடியிருந்தது. தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுத் தாம் குறைந்தவர்கள் என்று எண்ணக்கூடியவர்களை, உதாரணமாக வளாகத்துக்கு வெளியே தங்கியிருந்தவர்களை, அது கூடுதலாகப் பாதித்தது. வளாகத்துக்கு வெளியே, கையில் காசு குறைவாக, நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கும் எமது பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இதைப் படித்தோம். தாம் போடும் படம் பொய் என்று தெரிந்த பிள்ளைகூட மற்றவர் போடும் படத்தை உண்மை என்று நம்புகிறது. இது வேடிக்கையல்ல, மனித மனம் அப்படி.

எமது சமூகத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் மனச்சோர்வாக வாய்திறப்பதில்லை. தலைவலி, வயிற்றெரிவு, நெஞ்சடைப்பு, முடி உதிர்தல், "ஒண்டும் செய்ய மனமில்லை" என்றுதான் வெளிவரும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்தால், வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தால், குளிக்காமல் சாப்பிடாமல் இருந்தால், வீட்டு அழைப்பை எடுக்காமல் விட்டால், வைத்தியரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது.

வைத்தியரிடம் போவதற்குப் பதில் பலர் மீண்டும் கைத்தொலைபேசியிடமே போகிறார்கள். சோர்வுக்குக் காரணம் விற்றமின் டி குறைபாடு என்று ஒரு காணொளியில் கேட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த 60,000 அலகு மாத்திரையைத் தினமும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார் ஒரு மாணவர். அந்த அளவு மாத்திரையை வைத்தியர்கள் வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கே கொடுப்பது வழக்கம். வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் எடுப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 அலகுதான் கனடாவில் வகுத்திருக்கும் மேல் எல்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை கொண்டுபோகும். நல்லவேளையாக ஒன்பதாம் நாள் எமது அங்கத்தவரான தாதி ஒருவரின் கண்ணில் அந்த அட்டை பட்டது.

"இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்கில் பில் வரும்" என்ற காணொளியும் நன்றாகப் பரவியிருக்கிறது. பல்வலியோடு, காய்ச்சலோடு, ஒருவர் நெஞ்சுவலியோடும், அறையிலேயே கிடந்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓஹிப் கிடையாது என்பது உண்மை. ஆனால் பல்கலைக்கழக மாணவர்களுக்கு யூஹிப் என்ற கட்டாயக் காப்புறுதி இருக்கிறது. கல்லூரிகளில் பெரும்பாலும் தனியார் காப்புறுதியொன்று கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. நாம் பேசியவர்களில் சிலர் தாம் அதற்குப் பணம் கட்டியிருப்பதையே அறியவில்லை. கல்லூரிக் கணக்குக்குள் போய்க் காப்புறுதி அட்டையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில சிகிச்சை நிலையங்களில் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு காப்புறுதியிடம் மீளப்பெற வேண்டியிருக்கும், எனவே பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு பயம், கல்லூரியின் உளவளத்துணையாளரிடம் போனால் குடிவரவுக்குத் தெரிந்துவிடும், வதிவுரிமை கிடைக்காது என்பது. இதையும் எங்கோ ஒரு காணொளியின் கீழ் யாரோ எழுதியதைத்தான் படித்திருக்கிறார்கள். உளவளத்துணையாளரைச் சந்தித்ததற்காக எவருடைய படிப்பு அனுமதியும் இரத்தாவதில்லை. அங்கே பேசுவது இரகசியமாகவே இருக்கும். உயிராபத்து போன்ற விதிவிலக்கான நிலைமைகள் தவிர, வளர்ந்த பிள்ளையின் சம்மதமில்லாமல் பெற்றோருக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இதற்குத் தனிக்கட்டணமும் கிடையாது.

உணவு வங்கி விடயத்தையும் சொல்லவேண்டும். இலவசமாக மளிகைப் பொருட்கள் எடுப்பது எப்படி என்று மாணவர்கள் சிலர் பெருமையாகக் காட்டிய காணொளிகள் 2024 இல் பரவின. அதைத் தொடர்ந்து இந்திய மாணவர்கள் அனைவர்மீதும் வசை கொட்டியது. இன்றும் கொட்டுகிறது. தேவை இல்லாமல் எடுத்தவர்கள் பிழை செய்தவர்கள்தான். ஆனால் அந்த வசையைப் படித்துவிட்டு, உண்மையாகவே பட்டினி கிடந்த பிள்ளைகள் உணவு வங்கிப் பக்கம் போகவில்லை. பொங்கலன்று மூன்றுமுறை சோறு வாங்கிய தம்பியும் அதில் ஒருவர். தன்னைத் திட்டியதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தகைய வெறுப்புப் பேச்சை இரவு படுக்கையில் கிடந்து பின்னூட்டம் பின்னூட்டமாகப் படிப்பது ஒரு நோய் போல ஒட்டிக்கொள்கிறது என்று அவரே சொன்னார்.

தூக்கி எறிய வேண்டியதில்லை

கைத்தொலைபேசியே வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. அறை கிடைத்தது, பழைய மேசை கிடைத்தது, தொலைந்த பஸ் அட்டை திரும்பக் கிடைத்தது எல்லாம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான். நாங்கள் வந்த காலத்தில் ஊருக்குப் பேச அட்டை வாங்கிச் சுரண்டிவிட்டு, நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். அம்மாவின் முகத்தைத் தினமும் பார்க்க முடிவது சிறிய வரமல்ல.

அளவுதான் கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனை ஒன்று 2018 இல் வெளியானது. ஒரு பகுதியினர் பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்நாப்சற் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று மூன்று வாரம் இருந்தார்கள். மற்றவர்கள் வழமைபோலப் பார்த்தார்கள். குறைத்தவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. தொடக்கத்தில் அதிகச் சோர்வாக இருந்தவர்களுக்கே கூடுதல் பலன். இன்னொரு சுவையான விடயம், குறைக்காத குழுவினருக்கும் பதற்றம் ஓரளவு குறைந்திருந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைக் கவனித்ததே உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே முதலில் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் 'திரை நேரம்' என்பதைத் திறந்து பாருங்கள். அந்த வவுனியாத் தங்கை திறந்து பார்த்துவிட்டு, "என்ர வேலை நேரத்தை விடக் கூட" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இரவில் தொலைபேசியைப் படுக்கையிலிருந்து எட்டாத தூரத்தில் மின்னேற்றுங்கள். எழும்புவதற்கு ஐந்தாறு டொலருக்கு ஒரு மணிக்கூடு வாங்கிவிடலாம். வீட்டாரோடு பேசும் நேரத்தை இங்குள்ள காலைக்கு மாற்றிக்கொண்டால் அங்கே மாலை, அப்பாவும் வேலையால் வந்திருப்பார்.

ஊரிலுள்ள பெற்றோரும் எமது செய்திமடலைப் படிப்பதாகக் கேள்விப்படுகிறோம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். இன்று என்ன சமைத்தாய், எத்தனை மணிக்குப் படுத்தாய், பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேட்டுப்பாருங்கள். படம் அனுப்பு என்று கேட்காதீர்கள். அனுப்பினாலும் உறவினர் குழுவில் போடாதீர்கள். கடன் கட்ட இரண்டு மாதம் தாமதமானால் பரவாயில்லை என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்பதற்காகக் காத்திருக்கக்கூடும்.

இங்கே பேஸ்மன்ற் வாடகைக்கு விட்டிருக்கும் எம்மவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். கீழே இருக்கும் பிள்ளை இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். வாடகை கேட்க அல்ல. நாலு பேருக்குரிய அறையில் ஆறு பேரை வைப்பவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத எமக்கு விருப்பமில்லை, அவர்களுக்குத் தெரியும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அல்லது அப்படி எவரையேனும் பற்றிப் பயம் இருந்தால், 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்கும் இலவசச் சேவை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். உணவு, தங்குமிடம், உளநல உதவி எங்கே கிடைக்கும் என்று அறிய 211. அங்கே தமிழில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஒன்ராறியோவில் 811 ஐ அழைத்தால் தாதி ஒருவரோடு நோய் பற்றிப் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 911. இந்த நான்கு இலக்கங்களையும் இப்போதே தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

பொள்ளாச்சித் தம்பி கல்லூரியின் மாணவர் ஆலோசகரைச் சந்தித்து, வேலை அனுமதிப் பட்டியலில் உள்ள துறைக்கு மாறமுடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். மாறுவதற்குப் புதிய கட்டணமும் காலமும் வேண்டும், இன்னும் முடிவாகவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் எமது மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து, சித்தப்பா மகனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பதினொரு நிமிடம். வாடகை, சம்பளம், விதி மாறிய திகதி, நூடுல்ஸ், மெத்தை எல்லாம் சொன்னார். பொங்கலன்று போட்ட அங்கி யாருடையது என்பதையும் சொன்னார். பதில் வர இரண்டு நாள் ஆனது. "அண்ணா, இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டிருந்தார் அந்தப் பையன். இப்போது கோயம்புத்தூரிலேயே ஒரு முதுகலைப் படிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறாராம். கனடா ஆசையை அவர் விட்டுவிடவில்லை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் மாணவர்களுக்குச் சோறு, கறி, இரசம் உண்டு. பதிவு எதுவும் வேண்டாம். அன்று படம் எடுப்பதில்லை என்று மகளிர் பிரிவு முடிவு செய்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள குளிரங்கி, கையுறை, பனிச் சப்பாத்து வைத்திருப்பவர்கள் துவைத்து, துடைத்துக் கொண்டுவந்து தாருங்கள். ஆண்களுக்கான 9 ஆம், 10 ஆம் இலக்கச் சப்பாத்துகள்தான் அதிகம் தேவைப்படுகின்றன.